ஒரு கேபி கோப்பு, விழுந்துபோன சர்வர்: எக்ஸ்எம்எல் என்டிட்டி தொல்லையை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

வேலூர் சத்துவாச்சாரியில் உட்கார்ந்து, ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு வரைக்கும் தோல் மற்றும் காலணி ஏற்றுமதி நிறுவனங்களின் மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. இந்தத் தொழிலில், விவரங்களைக் குறிகளுக்குள் வைத்து எழுதும் எக்ஸ்எம்எல் என்ற கோப்பு வடிவம் இல்லாமல் ஒரு நாளும் நகராது. வெளிநாட்டு வாங்குபவர் அனுப்பும் ஆர்டர் எக்ஸ்எம்எல், டேலியிலிருந்து எடுக்கும் பில் விவரம் எக்ஸ்எம்எல், எக்ஸெல் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள்ளும் எக்ஸ்எம்எல். அதைப் படித்துப் பிரிக்கும் நிரல்களான பார்சர்களில் என்டிட்டி விரிவு என்றொரு பழைய வசதி இருக்கிறது. அதனால் வரும் சிக்கல்களை, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்துப் பிடிப்பது எப்படி என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்டிட்டி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சொத்தின் நான்கெல்லையை ஒரு முறை விவரமாக எழுதிவிட்டு, அப்புறம் வரும் இடமெல்லாம் ‘மேற்படி சொத்து’ என்று போட்டுக்கொண்டே போவார்கள். ‘மேற்படி’ என்பதற்கு ௸ என்று தனிக் குறியே தமிழில் உண்டு. என்டிட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது. கோப்பின் தலையில் இருக்கும் டாக்டைப் பகுதியில், இன்ன பெயர் வந்தால் இன்ன வாசகத்தைப் போட்டுப் படி என்று அறிவிக்கலாம். கீழே ‘&பெயர்;’ என்று வரும் இடத்தில் பார்சர் அந்த வாசகத்தை நிரப்பிக்கொள்ளும். 1998ல் எக்ஸ்எம்எல் 1.0 வெளிவந்தபோது, அதற்கு முந்தைய எஸ்ஜிஎம்எல்லிலிருந்து வந்து சேர்ந்த வசதி இது.

இதில் இரண்டு வகை உண்டு. வாசகம் அந்தக் கோப்புக்குள்ளேயே இருந்தால் உள் என்டிட்டி. ‘பீரோவில் இருக்கும் இன்ன தாளை எடுத்து வந்து இங்கே சேர்த்துப் படி’ என்று வேறொரு கோப்பையோ இணைய முகவரியையோ காட்டினால் வெளி என்டிட்டி. கவனிக்க வேண்டியது, இந்த உத்தரவைப் போடுவது கோப்பை அனுப்பியவர், அதை நிறைவேற்றுவது நம் சர்வர். பார்சர் எதையும் தவறாகச் செய்யவில்லை, விதிப்படிதான் நடக்கிறது. அதனால்தான் பல பேர் பிழையை வேறு எங்கோ தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அறிகுறி: கோப்பு ஒரு கேபி கூட இல்லை, சர்வர் மெமரி முழுக்கத் தீர்ந்துபோகிறது

ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலணி நிறுவனத்தில் இதை நேரில் பார்த்தேன். மின்னஞ்சலில் வரும் ஆர்டர் கோப்புகள் ஒரு ஃபோல்டரில் விழும், சர்வர் தானாக எடுத்துப் படிக்கும். ஒரு நாள் மதியம் சர்வர் நின்றது. ரீஸ்டார்ட் செய்தார்கள், இரண்டு நிமிடத்தில் மறுபடி நின்றது. மெமரி போதவில்லை என்று யாரோ சொல்ல, 8 ஜிபி ரேமை 16 ஆக்கினார்கள். நான் போனபோது அங்கிருந்த கணக்காளர், “தம்பி, ரேம் மாத்தியும் அதே கதிதான்பா. முன்னாடி ரெண்டு நிமிஷத்துல நின்னுச்சு, இப்ப மூணு நிமிஷம் ஆவுது, அவ்ளோதான்” என்றார். அவர் சொன்ன அந்த ஒரு நிமிட வித்தியாசத்தில்தான் விடை இருந்தது. எவ்வளவு கொடுத்தாலும் தின்று தீர்க்கிற ஏதோ ஒன்று அந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது.

இப்படி நடந்தால் முதல் வேலை, கடைசியாக வந்த கோப்புகளை அந்த ஃபோல்டரிலிருந்து வேறு இடத்துக்கு நகர்த்துவது. ரீஸ்டார்ட் அதற்குப் பிறகுதான். கோப்பு அங்கேயே இருந்தால் சர்வர் எழுந்ததும் அதையேதான் முதலில் எடுத்துப் படிக்கும், மறுபடி விழும். கோப்பை அழிக்கவும் வேண்டாம், அதுதான் நம் கையில் இருக்கும் சாட்சி.

அடுத்து லாக். லினக்ஸ் சர்வரானால் கர்னல் லாகில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரி இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. மெமரி தீர்ந்ததும் கர்னல் எந்த ப்ராசஸை நிறுத்துகிறதோ, அதுதான் குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் அதிக மெமரி பிடித்திருந்த டேட்டாபேஸ் பலியாகியிருக்கலாம். அப்புறம் இரண்டு நாள் டேட்டாபேஸையே நோண்டிக்கொண்டிருப்போம். எது நிறுத்தப்பட்டது என்பதைவிட, அதற்கு முந்தைய நொடிகளில் எந்தக் கோப்பு படிக்கப்பட்டுக்கொண்டிருந்தது என்று பாருங்கள்.

பிறகு கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். டபுள் கிளிக் வேண்டாம், பிரவுசரும் வேண்டாம். அவையும் எக்ஸ்எம்எல்லைப் பார்ஸ் செய்யக்கூடியவை, உங்கள் மடிக்கணினியும் திணறலாம். வெறும் எழுத்தாகக் காட்டும் ‘லெஸ்’ போன்ற கட்டளை போதும். கோப்பின் தலையில் டாக்டைப் இருக்கிறதா, அதற்குள் என்டிட்டி அறிவிப்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். சொல் தேடும் ‘கிரெப்’ கட்டளை போட்டுத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் உடனே கோப்பு சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் எழுதிய கோப்பில் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு பூஜ்ய பைட் இருக்கும், சாதாரண கிரெப்புக்கு அது சிக்காது. பார்சருக்கோ அது நன்றாகவே புரியும்.

ஆம்பூர்க் கோப்பில் இருந்தது ‘பில்லியன் லாஃப்ஸ்’ என்று அழைக்கப்படும் தாக்குதல். ‘லால்’ என்ற சிரிப்புச் சொல்லை அடுக்கிக் காட்டியதால் வந்த பெயர். 2000களின் தொடக்கத்திலிருந்தே தெரிந்த ஒன்று. எக்ஸ்எம்எல் பெயர்களில் தமிழ் எழுத்தையும் பயன்படுத்தலாம் என்பதால் நம் எழுத்திலேயே சொல்கிறேன். ‘அ’ என்ற என்டிட்டியின் வாசகம் ‘தோல்’. ‘ஆ’வின் வாசகம் ‘&அ;’ பத்து முறை. ‘இ’யின் வாசகம் ‘&ஆ;’ பத்து முறை. ஈ, உ, ஊ, எ, ஏ, ஐ என்று இதே மாதிரி போய் ‘ஒ’வில் நிறுத்துங்கள். இப்போது கோப்பின் உடலில் ‘&ஒ;’ என்று ஒரே ஒரு முறை எழுதினால் போதும். பார்சர் நூறு கோடி முறை ‘தோல்’ என்று விரிக்க வேண்டும். யுடிஎஃப்-8ல் ‘தோல்’ என்பது 12 பைட். ஆக 1200 கோடி பைட், கிட்டத்தட்ட 12 ஜிபி. கோப்பின் அளவோ 700 பைட் அளவில்தான் இருக்கும். இன்னும் இரண்டு எழுத்து சேர்த்து ‘ஓ’, ‘ஔ’ வரை போனால் 1200 ஜிபி. எந்த ரேம் கடைக்காரரிடமும் இதற்குத் தீர்வு கிடையாது.

என்டிட்டி தன்னையே சுட்டக் கூடாது என்று எக்ஸ்எம்எல் விதி தடுக்கிறதே என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் இங்கே எதுவும் தன்னைச் சுட்டவில்லை. ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதை மட்டுமே சுட்டுகிறது. விதிப்படி சுத்தமான கோப்பு இது.

சரி, மருந்து. வெளியாரிடமிருந்து வரும் கோப்பில் டாக்டைப் இருந்தாலே ஏற்காதே என்று பார்சருக்குச் சொல்லிவிடுங்கள். ஆர்டர், பில், விலைப்பட்டியல் போன்ற வியாபாரக் கோப்புகளுக்கு டாக்டைப் தேவையே இல்லை. ‘&’, ‘<’, ‘>’ மற்றும் இரண்டு மேற்கோள் குறிகள் ஆகிய ஐந்துக்கும் உரிய என்டிட்டிகள் எக்ஸ்எம்எல்லிலேயே பிறவியிலேயே உண்டு, அவற்றுக்கு அறிவிப்பு வேண்டாம்.

ஜாவாவில் இதற்கான ஃபீச்சரின் பெயர் ‘டிஸ்அலவ் டாக்டைப் டெக்ல்’. அதை ட்ரூ ஆக்க வேண்டும். ஒரு இடத்தில் போட்டால் போதாது. டாக்குமென்ட் பில்டர் ஃபேக்டரி, சாக்ஸ் பார்சர் ஃபேக்டரி என்று, பார்சரை உருவாக்கித் தரும் ஒவ்வொரு ஃபேக்டரியும் தனித்தனி ஆள், ஒன்றுக்குச் சொன்னது மற்றொன்றுக்குத் தெரியாது. ஸ்டாக்ஸ் வகையான எக்ஸ்எம்எல் இன்புட் ஃபேக்டரியில் ‘சப்போர்ட் டிடிடி’ என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள் (டாக்டைப் எழுதும், அல்லது சுட்டும் அறிவிப்புகளின் தொகுப்புக்குத்தான் டிடிடி என்று பெயர்). நான் பார்த்த பெரும்பாலான நிரல்களில் ஒரு ஃபேக்டரி பூட்டியிருக்கும், பக்கத்தில் இன்னொன்று திறந்தே கிடக்கும்.

பைதானில் ‘டிஃப்யூஸ்டுஎக்ஸ்எம்எல்’ என்ற தொகுப்பைப் போட்டுக்கொண்டால் என்டிட்டி அறிவிப்பைக் கண்டதுமே எக்ஸெப்ஷன் எழுப்பி நிற்கும். பைதானோடு வரும் பார்சர்களுக்கு அடியில் இருப்பது எக்ஸ்பாட் என்ற சி நூலகம். 2021ல் வந்த எக்ஸ்பாட் 2.4.0ல்தான் இதற்கான தடுப்பைச் சேர்த்தார்கள். விரிந்த அளவு 8 எம்ஐபியை (சுமார் 8 எம்பி) தாண்டி, உள்ளே வந்ததைப்போல 100 மடங்குக்கு மேல் போனால் அது நிறுத்திவிடும். பழைய சர்வர்களில் அதற்கு முந்தைய எக்ஸ்பாட் இன்னும் இருக்கலாம், பதிப்பைப் பார்த்துவிடுங்கள். எல்எக்ஸ்எம்எல் என்ற பைதான் தொகுப்பைப் பயன்படுத்தினால் ‘ரிசால்வ் என்டிட்டீஸ்’ ஃபால்ஸ். ‘ஹ்யூஜ் ட்ரீ’ என்ற வாய்ப்பைத் தொடவே வேண்டாம், அது பாதுகாப்பு வரம்புகளையே கழற்றிவிடும்.

பிஎச்பி எழுதுகிறவர்களிடம் ஒன்றை மட்டும் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும். ‘லிப்எக்ஸ்எம்எல் நோஎன்ட்’ என்ற கொடியின் பெயரைப் பார்த்தால் என்டிட்டி வேண்டாம் என்பது போலத் தோன்றும். அது செய்வது நேர் எதிர். என்டிட்டியை எல்லாம் விரித்து, கடைசியில் என்டிட்டியே மிச்சமில்லாமல் ஆக்கு என்று பொருள். பாதுகாப்புக்காக என்று நம்பி இதைப் போட்டிருந்த நிரலை இரண்டு நிறுவனங்களில் பார்த்துவிட்டேன். இருந்தால் எடுத்துவிடுங்கள்.

டாட்நெட்டில் 4.0 முதல் எக்ஸ்எம்எல் ரீடர் டிடிடியை இயல்பாகவே மறுக்கிறது. யாராவது அதை ‘பார்ஸ்’ என்று மாற்றி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் தேடுங்கள்.

அறிகுறி: கோப்பு 200 கேபி அளவில், அடுக்கு எதுவும் இல்லை, ஆனாலும் சர்வர் திணறுகிறது

இது மேலே சொன்னதன் தம்பி. அடுக்குக்குப் பதிலாக ஒரே ஒரு பெரிய என்டிட்டி, 50,000 எழுத்து நீளம். அதைக் கீழே 50,000 முறை கூப்பிட்டிருப்பார்கள். ஐம்பதாயிரத்தை ஐம்பதாயிரத்தால் பெருக்கினால் 250 கோடி எழுத்து. அடுக்கின் ஆழத்தையும் விரிவின் எண்ணிக்கையையும் மட்டும் எண்ணுகிற தடுப்புகளில் இது நழுவிப் போகும். ஜாவாவின் பழைய இயல்பு வரம்பு 64,000 விரிவுகள், இங்கே 50,000தானே. அதனால்தான் விரிந்த மொத்த அளவுக்கும் தனி வரம்பு வைத்தார்கள். 2014 ஆகஸ்டில், இணையதளம் நடத்த உதவும் மென்பொருள்களான வேர்ட்பிரஸ், ட்ரூபல் இரண்டும் ஒரே நேரத்தில் அவசரத் திருத்தம் வெளியிட்டது, எக்ஸ்எம்எல்லில் கட்டளை அனுப்பும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி வழியாக வரக்கூடிய இதே வகைத் தாக்குதலுக்காகத்தான். வேர்ட்பிரஸ்ஸில் அது 3.9.2 பதிப்பு.

கண்டுபிடிப்பது எளிது. ஒரே ‘&பெயர்;’ வரிசையாக ஆயிரக்கணக்கில் வந்திருக்கும். மருந்து அதேதான், டாக்டைப்பை மறுப்பது.

அறிகுறி: சர்வர் விழவில்லை, ‘64000 என்டிட்டி விரிவுகளுக்கு மேல் போய்விட்டது’ என்று ஜாவா பிழை காட்டுகிறது

பார்சர் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இந்தச் செய்தியைப் பார்த்ததும் கை தானாகப் போவது வரம்பை ஏற்றும் அமைப்பின் பக்கம்தான். தேடினால் கிடைக்கும் பதில்கள் பலவும், அந்த எண்ணைப் பூஜ்யமாக்கு, வரம்பே போய்விடும் என்கின்றன. பூஜ்யம் என்றால் வரம்பில்லை என்றுதான் அர்த்தம், பிழை மறையும் என்பதும் உண்மை. கூடவே கதவும் திறந்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லிப்எக்ஸ்எம்எல்2 என்ற நூலகம் ‘என்டிட்டி ரெஃபரன்ஸ் லூப்’ என்று சொன்னாலும், எக்ஸ்பாட் பெருக்க வரம்பு மீறியது என்று சொன்னாலும் இதே பேச்சுதான்.

நியாயமான கோப்பே இந்த வரம்பைத் தொடுவதுண்டா? உண்டு. டிடிடியை நம்பி எழுதிய பெரிய தொழில்நுட்பக் கையேடுகள், அகராதிகள் போன்றவற்றில் வரலாம். அப்படியானால் அந்தக் கோப்புகளுக்கு மட்டும் தனிப் ப்ராசஸ், அதற்கு மெமரி உச்சவரம்பு, அதற்கேற்ற எண் என்று ஒதுக்கிக் கொடுங்கள். வெளியிலிருந்து வரும் கோப்புகள் அந்தப் பக்கம் போகவே கூடாது. ஜாவாவின் ஜேடிகே 24 பதிப்பில் இந்த இயல்பு வரம்பை 2500 ஆகக் குறைத்துவிட்டார்கள், ஜாவாவைப் புதுப்பித்த பிறகு இந்தப் பிழை புதிதாக வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

அறிகுறி: இணையம் போனால் கோப்பு படிப்பதும் நின்றுபோகிறது

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு யூனிட். கோப்பு அவர்கள் சர்வரிலேயே இருக்கிறது, மென்பொருளும் அங்கேயே. ஆனாலும் பிராட்பேண்ட் போன நேரங்களில் ஒவ்வொரு கோப்பைப் படிக்கவும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது, அப்புறம் பிழை. எல்லோரும் ஹார்டு டிஸ்க்கைச் சந்தேகப்பட்டார்கள். கோப்பின் தலையில் ஒரு டாக்டைப் வரி இருந்தது, அது டிடிடியின் இணைய முகவரியைக் காட்டியது. பார்சர் ஒவ்வொரு முறையும் அந்த முகவரிக்குப் போய் அதை எடுக்கப் பார்த்திருக்கிறது.

இதில் தாக்குதல் எதுவும் இல்லை. ஆனால் தாக்குதலுக்கு வேண்டிய கதவு திறந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது. உங்கள் பார்சர், கோப்பு சொன்ன முகவரிக்கு உங்கள் சர்வரிலிருந்து போகிறது. 2008ல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தன் டிடிடி கோப்புகளுக்காக ஒரு நாளைக்கு 13 கோடி வரை கோரிக்கைகள் வருகின்றன என்று எழுதி, தயவுசெய்து நகல் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டது. உலகெங்கும் எத்தனை பார்சர்கள் இப்படிச் சொன்னதைக் கேட்டு ஓடிக்கொண்டிருந்தன என்று யோசித்துப் பாருங்கள். டிடிடி உண்மையிலேயே வேண்டுமானால் உள்ளூர் நகலைக் காட்டுங்கள், வெளியே போகும் வழியை அடைத்துவிடுங்கள்.

அறிகுறி: சேராத வாசகம் ஒன்று பதிலில் வருகிறது, அல்லது சர்வர் தெரியாத முகவரிக்குப் பேசுகிறது

மேலே பார்த்த எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் பயப்படுகிறேன். சர்வர் விழுந்தால் தெரிந்துவிடும். இது சத்தமில்லாமல் நடக்கும்.

வாடிக்கையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சர்வரின் பயனர் பட்டியல் வந்து நிற்கும். லினக்ஸில் அந்தப் பட்டியல் இருக்கும் கோப்பு எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருப்பது, அதனால் சோதித்துப் பார்க்கிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அடுத்து டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கும் அமைப்புக் கோப்பு. கிளவுட் சர்வரானால் 169.254.169.254 என்ற உள் முகவரி, அங்கே தற்காலிகச் சாவிகள் கிடைக்கலாம். வெளி என்டிட்டியைக் கொண்டு நடத்தும் இந்தத் தாக்குதலை எக்ஸ்எக்ஸ்இ என்பார்கள். இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப்பின் 2017 அபாயப் பட்டியலில் நான்காம் இடத்தில் தனியாகவே நின்றது, 2021ல் தவறான அமைப்புகள் என்ற தலைப்புக்குள் சேர்த்தார்கள். ஃபேஸ்புக்கிலேயே உள்நுழைவுக்கான ஓப்பன்ஐடி பகுதியில் இதைக் கண்டுபிடித்த பிரேசில் நாட்டு ஆய்வாளருக்கு 33,500 டாலர் பரிசு கொடுத்தார்கள்.

பதிலில் எதுவும் தெரியாவிட்டாலும் நிம்மதியடைய முடியாது. படித்த வாசகத்தை ஒரு இணைய முகவரியின் வாலில் ஒட்டி வெளியே அனுப்பும்படி டிடிடியிலேயே எழுத முடியும். ஆகவே ஃபயர்வால் லாகில், கோப்பு படிக்கும் சர்வரிலிருந்து அந்த நேரத்தில் வெளியே போன இணைப்புகளைப் பாருங்கள். ஆர்டர் படிக்கும் சர்வர் வெளியே யாரிடமும் பேச வேண்டிய அவசியமே இல்லை என்றால், அதை ஃபயர்வாலிலேயே தடுத்துவிடுவது நல்லது.

நடந்துவிட்டது என்று தெரிந்தால், பார்சரைப் பூட்டியதோடு விடாதீர்கள். அந்த ப்ராசஸால் படிக்க முடிந்த எல்லாக் கோப்புகளும் வெளியே போய்விட்டதாகவே எடுத்துக்கொண்டு, அவற்றில் இருந்த கடவுச்சொற்களையும் சாவிகளையும் மாற்றுங்கள். முதலாளியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அறிகுறி: எக்ஸெல் அல்லது எஸ்விஜி கோப்பு ஏற்றும்போது மட்டும் மேலே சொன்னது எல்லாம் நடக்கிறது

நாங்கள் எக்ஸ்எம்எல்லே வாங்குவதில்லை என்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ், டாக்ஸ் இரண்டும் எக்ஸ்எம்எல் கோப்புகளை அடைத்த ஜிப் பைகள். எஸ்விஜி படம் நேரடியாகவே எக்ஸ்எம்எல். சந்தேகப்படும் கோப்பை அன்ஜிப் செய்து உள்ளே இருக்கும் ஒவ்வொன்றிலும் டாக்டைப் தேடுங்கள். எக்ஸெல் சேமித்த கோப்பில் அது இருக்காது. அதைப் படிக்கும் நூலகத்தைப் புதுப்பிப்பதுதான் இங்கே முதல் வேலை.

என்டிட்டி பிழை என்று வரும், ஆனால் இது அந்தப் பிழை இல்லை

அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து நடத்தும் கம்பெனிகள் நிறைந்த பகுதி இது, பெயர்ப்பலகையில் பாதிக்கு மேல் நடுவில் ‘&’ இருக்கும். அதை அப்படியே எக்ஸ்எம்எல்லில் எழுதினால் பார்சர் என்டிட்டி என்று நினைத்துப் பிழை சொல்லும். அதற்கு, கோப்பை எழுதும் நிரலில் எழுத்தைச் சரியாக எஸ்கேப் செய்ய, அதாவது அதற்குரிய என்டிட்டியாக மாற்றி எழுத வேண்டும். டேலி ஏற்றுமதிக் கோப்பில் ‘&#4;’ என்று வருவதும் இப்படித்தான். எக்ஸ்எம்எல் 1.0ல் அந்தக் கட்டுப்பாட்டு எழுத்துக்கு இடமே இல்லை. படிப்பதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள். எச்டிஎம்எல்லில் பழகிய இடைவெளி என்டிட்டியைக் கொண்டுவந்து போட்டாலும் அறியாத என்டிட்டி என்று வரும். அங்கே ‘&#160;’ போதும்.

இந்த மூன்றுக்கும் சிலர் டாக்டைப்பைத் திறந்துவிட்டுத் தீர்வு தேடுகிறார்கள். கோப்பை எழுதும் பக்கம் பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்காகப் படிக்கும் பக்கம் பூட்டைக் கழற்ற வேண்டாம்.

பூட்டு விழுந்ததா என்று பார்ப்பது

இதற்குப் பெரிய குண்டு தேவையில்லை. ஒரே ஒரு என்டிட்டி, அதன் வாசகம் ‘தோல்’, உடலில் ஒரு முறை ‘&அ;’. இதுதான் சோதனைக் கோப்பு. இரண்டாவது கோப்பில், சோதனைக் கணினியிலேயே ‘தோல்’ என்ற ஒரே சொல்லோடு நீங்கள் உருவாக்கிய ஒரு கோப்பைச் சுட்டும் வெளி என்டிட்டி. இரண்டையும் யுடிஎஃப்-8லும் யுடிஎஃப்-16லும் சேமித்து வையுங்கள், ஆக நான்கு. எக்ஸ்எம்எல் வாங்கும் ஒவ்வொரு வழியிலும், எக்ஸெல் ஏற்றும் பக்கம் உட்பட (அங்கே ஜிப் பைக்குள் இருக்கும் எக்ஸ்எம்எல்லில் அதே வரிகளைச் சேர்த்து), நான்கையும் ஓட்டுங்கள். நான்கும் பிழை காட்டி நிற்க வேண்டும். ‘தோல்’ என்று விரிந்து வந்தால் அந்த வழி திறந்திருக்கிறது. பிழையும் இல்லாமல் அந்த இடம் காலியாக வந்தால், விரிவு நின்றிருக்கிறது, ஆனால் டாக்டைப் உள்ளே நுழைந்துவிட்டது. அந்த ஃபேக்டரியைத் தேடிப் பூட்டுங்கள்.

ஆம்பூரில் இந்த நான்கு கோப்புகளையும் மென்பொருளைத் தொகுக்கும் ஒவ்வொரு முறையும் ஓடும் சோதனைகளில் சேர்த்துவிட்டோம். நூலகத்தின் பதிப்பு மாறும்போதெல்லாம் அவை தானாக ஓடும்.